சம்ப்புக்குள் தொங்கிய மைக்

கிட்டே வந்து உட்காருங்கள். இதை உரக்கச் சொல்ல முடியாது.

பேய் வர ராத்திரி வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மே மாதம், மத்தியானம் மூன்று மணி. மந்தைவெளியில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பி, மறுபடி ஒருமுறை திரும்பினால் ஒரு முட்டுச்சந்து. அந்த நேரத்தில் அங்கே ஒரு ஜீவன் இருக்காது. நாய்கள் கார்களுக்கு அடியில். இஸ்திரிக்காரர் தன் வண்டிக்கு அடியில். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். காக்கை கூடக் கத்தாது…

நம் அமீனுடைய அக்கா வீட்டு விஷயம் இது. அக்கா பெயர் ஆயத். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கணவன் ஜைத், ராயப்பேட்டைக்காரன். அந்த முட்டுச்சந்துக் கடைசியில் இருக்கும் பழைய அடுக்குமாடியின் முதல் மாடியில் ஒரு அறை எடுத்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஸ்டூடியோ வைத்திருந்தான். கூட்டாளி மயிலாப்பூர் பையன் சாய்சரண். கல்லூரியில் ஒரே பெஞ்ச்.

இருவரும் செய்தது ஒரே வேலை. கல்யாண ரிசப்ஷனில் டிஜே போடுவார்களே… கூட்டம் குதிப்பதற்கு முன்னால் ஒரு சத்தம் அடியிலிருந்து கிளம்பும். ஏறும். ஏறிக்கொண்டே போய் வயிற்றைப் பிசையும். இனித் தாங்காது என்கிற இடத்தில் பட்டென்று அறுந்துபோகும். அரை மூச்சு மௌனம். பிறகு இடி. அந்த ஏறும் சத்தத்துக்கு ரைசர் என்று பெயர். சிந்தசைசரில் ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைப் பிடித்து, குமிழைத் திருகி, மூடிக் கிடக்கும் ஒலியை மயிரிழை மயிரிழையாகத் திறந்து மேலே கொண்டுபோக வேண்டும். கேட்க அரை நிமிஷம். செய்ய ஒரு வாரம்.

சாய்சரணுக்கு அதில் திருப்தி இல்லை. "மெஷின் ஏறுறது பொய் மச்சி. தண்ணி ஏறுது பாரு, அதான் நிஜம்" என்பான். அவன் சொன்னதில் தப்பில்லை. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு ஹாலில் பேசிக்கொண்டிருப்போம். சத்தம் மெலிந்து மேலே போனதும் பேச்சை விட்டு எழுந்து ஓடுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. நிரம்பப் போகிற சத்தம் இந்த ஊர்க்காரன் காதிலேயே இருக்கிறது. அந்தச் சத்தத்தைப் பெரிதாக, இருட்டாக, ஒரு பெரிய தொட்டிக்குள்ளிருந்து பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

தொட்டி காலடியிலேயே இருந்தது. கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே சம்ப். நடுவே ஒரு சுவர், அதனால் இரண்டு அறை. சுவரின் அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஓட்டை. முன் அறைக்கு ஒரு மூடி, பின் அறைக்கு ஒரு மூடி. பின் மூடியின் மேல் எப்போதும் சுயம்புலிங்கத்தின் கார் நிற்கும். இரண்டாம் மாடிக்காரர், தி.நகரில் பாத்திரக்கடை. காரை ஒரு மணி நேரம் தள்ளி நிறுத்தச் சொல்லிச் சாய்சரண் கேட்டுப் பார்த்தான். "நம்ம எடத்துல நம்ம வண்டி நிக்குது தம்பி. வேணும்னா மூடியத் தூக்கிட்டுப் போயி வேற எடத்துல வச்சுக்கோங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இவனும் சிரித்தான்.

அந்த வெயிலில் சம்ப் காய்ந்து கிடந்தது. நாலு மணிக்குத் தண்ணி லாரி வருவதாக ஏற்பாடு. சாய்சரண் முன் மூடியைத் திறந்து இறங்கினான். ஓட்டை வழியாகப் பின் அறைக்குத் தவழ்ந்து போனான். கூரைக் கம்பியில் மைக்கைத் தொங்கவிட்டான். கேபிள் ஜன்னல் வழியாக மேலே ஏறி ஜைத்தின் மேஜைக்கு வந்தது. ஜைத் ஹெட்போன் மாட்டியிருந்தான். லீவு நாள் என்பதால் ஆயத்தும் சோற்று டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஹெட்போனில் சாய்சரண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து மாதிரி வந்தது. "மாட்டிட்டேன் மச்சி. ஒரு டீ அடிச்சிட்டு வர்றேன். லாரி வந்தா நீ பாட்டுக்கு ரெக்கார்ட் போடு."

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கேபிள் நழுவியிருக்கலாம். அவன் அங்கேயே திரும்ப உட்கார்ந்து கட்டியிருக்கலாம்.

லாரி மூன்று மணிக்கே வந்துவிட்டது. மூடி திறந்திருக்கிறது, தனக்காகத்தான் என்று டிரைவர் நினைத்தான். பெருங்குழாயை உள்ளே விட்டான். வால்வை முழுக்கத் திறந்தான். நிழல் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

மேலே ஜைத்துக்குச் சத்தம் வந்தது. முதலில் யானை மூச்சு விடுவது போல… பிறகு அது திரண்டது. ஏறத் தொடங்கியது. ஜைத்தின் கை ரோமம் நின்றது. இத்தனை வருஷத்தில் எந்த மெஷினும் தராத ஏற்றம். சிமெண்ட்டும் இருட்டும் சேர்ந்து ஏறுகிற சத்தம்.

பாதியில் ஒரு தட்டல். தக். அப்புறம் தக் தக். அப்புறம் விடாமல்.

ஆயத் ஹெட்போனின் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்தாள். "யாரோ தட்றாங்க ஜைத்."

"பைப்புல காத்து. சும்மா இரு."

தட்டலோடு இன்னொன்றும் வந்தது. மெலிதான, நீளமான ஒன்று. தண்ணீர் சிமெண்ட்டில் பட்டுப் பாடுகிறது என்று ஜைத் நினைத்தான். திரையில் அளவுக் கோடு சிவப்பைத் தொட்டது. சிவப்பைத் தொட்டால் ரெக்கார்டிங் உடைந்துவிடும். யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவனும் செய்தான். லெவலைக் குறைத்தான். மறுபடி சிவப்பு. மறுபடி குறைத்தான்.

சத்தம் ஊசிமுனையாக ஏறி, பட்டென்று அறுந்தது. மைக் முழுகிவிட்டது. மௌனம்.

எவ்வளவு சுத்தமான மௌனம் என்று ஜைத் நினைத்தானாம். அடுத்து இடி விழ வேண்டிய இடம். அவன் காது தானாகவே அதற்குக் காத்திருந்தது.

டீக்கடையில் சாய்சரண் இல்லை.

தீயணைப்புக்காரர்கள் தண்ணீரை இறைத்து எடுத்தார்கள். பிணம் பின் அறையில் கிடந்தது; பாய்ந்து வந்த தண்ணீருக்கு எதிராக ஓட்டையில் தவழ்ந்து திரும்ப முடிந்திருக்காது. பத்து விரலிலும் நகம் இல்லை. அது பெரிதில்லை. உச்சந்தலை உள்வாங்கி உடைந்திருந்தது. தண்ணீர் கழுத்துக்கு மேல் வந்தபிறகு கையை ஓங்க இடமிருக்காது… அவன் தலையால் முட்டியிருக்கிறான். மூடியின் அடிப்பக்கம் சிமெண்ட்டில் முடியும் தோலும் ஒட்டியிருந்தன. மேலே காரின் சக்கரம் ஒரு அங்குலம் கூட அசையவில்லை.

பதிமூன்றாம் நாள் ஜைத் ஆயத்தோடு மயிலாப்பூர் வீட்டுக்குப் போனான். சாய்சரணின் அம்மா கோமளம் அழவில்லை. காபி கொடுத்தார். பிறகு கேட்டார்.

"தலையால முட்டிண்டானாமேடா. நீ அந்த மைக்குல கேட்டுண்டுதானே இருந்தே. ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல மாமி."

பக்கத்தில் நின்ற ஆயத் தலை குனிந்துகொண்டாள்.

இரண்டு மாதம் ஜைத் அந்தப் பதிவைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம் திறந்தான். அழித்துவிடு என்று ஆயத் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அது சாய் ஆசைப்பட்ட சத்தம், அவன் உயிர் போனது அதற்காக, அவன் பெயரில் அது வெளியே வர வேண்டும் என்று ஜைத் பிடிவாதமாக இருந்தான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் தட்டல்களை வைத்துக்கொண்டு ரைசர் செய்ய முடியாது. சத்தத்தைத் திரையில் படமாக விரித்துப் பார்க்கலாம். தட்டல் ஒவ்வொன்றும் செங்குத்தான வெள்ளைக் கோடாகத் தெரியும். ஜைத் ஒவ்வொன்றாக அழித்தான். அந்த நீண்ட குரலையும் அழித்தான். பொட்டுக் கூட மிச்சமில்லாமல் துடைத்தபிறகு, சிந்தசைசரில் இரண்டு ஸ்வரங்களை அடியில் கோத்தான். கடைசியில் அரை மூச்சு மௌனம். அங்கே ஒலிக்கோப்பு முடிந்தது.

ஆகஸ்ட் மாதம், ஒரு மத்தியானம், முதன்முறையாக முழுசாகப் போட்டுக் கேட்டான். ஸ்பீக்கர் நடுங்கியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. தண்ணீர் ஏறியது, ஸ்வரம் ஏறியது… அறுந்தது. மௌனம்.

தொம்.

ஸ்பீக்கரில் இல்லை. கீழே.

வாட்ச்மேன் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். "தம்பி, அந்தப் பாத்திரக்கடை சாரு… உள்ள தண்ணியில கீறாரு தம்பி." சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜைத் ஓடினான். சுயம்புலிங்கத்தின் கார் வழக்கம் போல மூடியின் மேல் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. வெளியே ஒரு துளி ஈரமில்லை. உள்ளே கூரை வரைக்கும் தண்ணீர். கண்ணாடியில் ஒரு உள்ளங்கை வெளுத்துப்போய் அப்பியிருந்தது. சட்டைப் பையிலிருந்த ரூபாய் நோட்டு ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காரின் கூரைத் தகடு, நடுவில், உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. ஒரு தேங்காய் அளவுக்கு.

வாட்ச்மேன் ஜாக்கிக் கம்பியால் அடித்தார். கண்ணாடி தெறித்தது. தண்ணீர் இருவரையும் தரையில் தள்ளிவிட்டுப் பாய்ந்தது. பிளீச்சிங் பவுடர், பாசி, துரு. சம்ப் நாற்றம். சுயம்புலிங்கம் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தார். அவருக்கு உச்சந்தலை இல்லை.

போலீஸ் என்னவோ எழுதிக்கொண்டு போனது. அதை விடுங்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஆயத் கேட்டது ஒன்றுதான். "வண்டிய நிறுத்தினவர் போயாச்சு. சத்தத்தைக் குறைச்சவர் யாரு ஜைத்?"

மறுநாள் காலை இருவருமாக அழிக்கப் போனார்கள். தனியாகப் போக வேண்டாம் என்று ஆயத்தான் கூட வந்தாள். ஸ்பீக்கர், சிந்தசைசர் பெட்டியெல்லாம் கழற்றி அறையையே காலி செய்துவிடுவது என்று முடிவு. சாமான் தூக்க அமீனையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

இங்கேதான் இந்தத் தொழிலில் இருக்கிறவன் மட்டும் செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. ஆயிரக்கணக்கான சத்தங்கள் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொன்றையும் திறந்து திறந்து கேட்க மாட்டார்கள். பட்டியலில் பெயரைத் தொட்டாலே அது ஒலிக்கும்படி வைத்திருப்பார்கள். ஜைத்துக்கு அது பத்து வருஷப் பழக்கம். அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அழிப்பதற்காக அந்தக் கோப்பின் பெயரைத் தொட்டான்.

அது ஏறத் தொடங்கியது.

ஆயத் அறை நடுவில் நின்றிருந்தாள். அவள் துப்பட்டாவின் நுனி தரையிலிருந்து எழுந்தது. மெதுவாக மேலே வந்து முழங்காலருகே மிதந்தது. அவள் கீழே பார்த்தாள். பிறகு ஜைத்தைப் பார்த்தாள். "ஜில்லுனு இருக்கு" என்றாள்.

சத்தம் ஏற ஏறத் துப்பட்டா இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. பின்னல் தோளை விட்டுக் கிளம்பிப் பின்னால் நீண்டது. அவள் குதிகாலைத் தூக்கி, முகவாயை உயர்த்தி, வாயைத் திறந்து மூச்சுப் பிடித்தாள். அறை உலர்ந்துதான் இருந்தது. மேஜைமேல் காகிதம் கூட நனையவில்லை.

ஜைத் நிறுத்தும் பொத்தானை அடித்தான்.

நிறுத்தினால் மௌனம். மௌனத்துக்குப் பிறகு இடி; இவ்வளவு காலமும் அவனே செய்துவந்த வேலைதான் அது. ஆயத்தின் உடம்பு தரையிலிருந்து பிடுங்கி எறிந்தாற்போல நேராக மேலே போனது. உச்சந்தலை கூரையில் மோதியது. பஞ்சு கிழிந்து சிமெண்ட் தெரிந்தது. ரத்தம் அவன் முகத்தில் தெறித்தது. அவள் விழுந்தாள். விழுந்த உடம்பு தரையைத் தொடவில்லை, மிதந்தது. ஸ்பீக்கர் தானாக மறுபடி ஏறத் தொடங்கியது, விட்ட இடத்திலிருந்து. உச்சிக்கு இன்னும் கொஞ்சம்தான்.

  ஜைத்துக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், அதைச் செய்தான். ரைசர் செய்கிறவர்களிடம் ஒரு ஏமாற்று வித்தை உண்டு. ஒரு ஸ்வரம் உச்சிக்குப் போய்த் தேயும்போது, காதுக்குத் தெரியாமல், அடியில் இன்னொன்றைத் தொடங்குவது. அது ஏறி மெலிவதற்குள் அதற்கடியில் வேறொன்று. கேட்கிறவனுக்குச் சத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கேயும் போய்ச் சேராது. ஏறுவது போல இருக்குமே தவிர ஏறாது. ஜைத் சிந்தசைசரை இழுத்துப் போட்டுக்கொண்டான். கோப்பு அறுந்துபோகும் இடத்துக்கு ஒரு நூல் முன்னால் அவனுடைய ஸ்வரம் உள்ளே நுழைந்தது.

கண்ணுக்குத் தெரியாத அந்தத் தண்ணீர் ஆயத்தின் முகவாய்க்குக் கீழே நின்றது. ஏறவில்லை.

அவள் இருமினாள். மூச்சு வாங்கினாள். "ஜைத்" என்றாள். "கைய எடுத்துடாத."

அமீன் வந்து கதவைத் திறந்தபோது பார்த்தது இதைத்தான். மச்சான் சிந்தசைசருக்கு முன்னால், இரண்டு கையும் குமிழ்களில். அக்கா கால்விரல் நுனியில், முகத்தைக் கூரைக்குத் தூக்கி, தலை பிளந்து, தோளெல்லாம் ரத்தம். முடி விரிந்து காற்றில் மிதக்கிறது. அறையெங்கும் ஏறிக்கொண்டே இருக்கும் ஒரு சத்தம். அமீன் முதலில் பிளக்கைப் பிடுங்கத்தான் பாய்ந்தான். ஜைத் அவனைக் காலால் உதைத்துத் தள்ளினான்.

அந்த ஏற்றத்தைப் பதிந்து கணினியிலேயே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் ஒரு இடைவெளி, காதுக்குக் கூடத் தெரியாது. அதற்குள் அவள் தலை மறுபடி கூரைக்குப் போய்விட்டு வந்தது. ஆகவே கையால்தான் செய்ய வேண்டும். தூக்கிக்கொண்டு வெளியே போகலாம் என்றால், வாசல் வரைக்கும் போவதற்குள் சத்தம் தேய்ந்து அவள் காதிலிருந்து ரத்தம் வழிந்தது. டாக்டர் வந்தார், தையல் போட்டார், பீஸ் கூட வாங்காமல் போய்விட்டார். தர்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வாசலிலேயே நின்று ஓதினார். உள்ளே வரவில்லை.

அமீன் கற்றுக்கொண்டான். முறை போட்டுக்கொண்டு இருவரும் திருகினார்கள். ஒருவன் தூங்கும்போது இன்னொருவன். ஜைத்தின் விரல் நுனிகள் பிளந்து, துணி சுற்றி, துணிக்கு மேல் துணி சுற்றித் திருகினான். ஆயத்துக்கு நின்றபடியே கரண்டியால் கஞ்சி. சில சமயம் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் தன் வகுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பாள். தண்ணீருக்குள் பக்கத்தில் ஆள் நிற்கிறது என்று ஒருநாள் சொன்னாள். யார் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒருநாள் ஜைத் காற்றைப் பார்த்துச் சொன்னான்: "கேட்டுச்சு சாய். எனக்குக் கேட்டுச்சு." ஒன்றும் மாறவில்லை.

மழை தொடங்கியது. இது போன வாரம். மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. கரண்ட் போனது. கரண்ட் போனால் பாட்டரி தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியின் விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கர் செத்தது.

ஜைத் பாய்ந்து அவள் தலைக்கு மேல் தன் இரண்டு கையையும் கோத்துக்கொண்டான். கூரைக்கும் அவளுக்கும் நடுவில் தன் எலும்பு இருக்கட்டும் என்று. கண்ணை மூடிக்கொண்டான். அமீனும் மூடிக்கொண்டான்.

காத்திருந்தார்கள்…

இடி விழவில்லை. மௌனமே வரவில்லை. சத்தம் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அமீன் தடவிப் போய் ஸ்பீக்கரில் காதை வைத்தான். இல்லை. பெட்டி குளிர்ந்து கிடந்தது. பிறகு இருவரும் ஆயத்தைப் பார்த்தார்கள். சத்தம் அவளிடமிருந்து வந்தது. உதடு மூடியிருந்தது. நெஞ்சுக் கூட்டுக்குள்ளிருந்து, அடியில் ஒன்று, அதன் மேல் ஒன்று, அதன் மேல் ஒன்று, துளி பிசிறில்லாமல், ஜைத் திருகியதை விடச் சுத்தமாக ஏறியது. முடி மெல்ல இறங்கித் தோளில் படிந்தது. கால் தரையில் பதிந்தது. அவளே பிழைத்துக்கொண்டாள் என்று ஜைத் நினைத்தான். அப்படியே தரையில் சரிந்து அழுதான். இத்தனை நாளில் முதல் அழுகை.

ஜைத் அழுது முடித்தபிறகுதான் அமீன் அதைக் கவனித்தான். சத்தம் மூச்சு வாங்கக் கூட நடுவில் எங்குமே நிற்கவில்லை. அவன் அக்காவின் மூக்கருகே கையை வைத்தான். வைத்துக்கொண்டே இருந்தான். காற்று இல்லை. மார்பு எழவும் இல்லை, தாழவும் இல்லை.

வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ராயப்பேட்டையில்தான் இருக்கிறாள். ஏறிக்கொண்டே இருக்கிறது. அமீன் இன்று காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளாம். இமைக்கிறாளாம்.